தோல் வாசம்

ஒயினை ருசி பார்த்து எழுதுகிறவர்களின் புத்தகங்களில் ஒரு பாராட்டுச் சொல் அடிக்கடி வரும். தோல் வாசம். பழைய சிவப்பு ஒயினைத் திறந்து, கோப்பைக்குள் மூக்கை விட்டு, கண்ணை மூடி, பதப்படுத்திய தோலின் வாசம் வருகிறது என்று எழுதுவார்கள். கூடவே தொழுவத்து வாசம், குதிரையின் வேர்வை வாசம், வேட்டை இறைச்சியின் வாசம். எல்லாம் புகழ்ச்சி. இந்த வாசம் பெரும்பாலும் பிரெட்டனோமைசிஸ் என்கிற ஒருவகை ஈஸ்டின் வேலை. சிலர் இதைக் குறை என்பார்கள். ஆனாலும் அளவோடு வந்தால் மூக்கு படைத்தவர்களுக்குப் பரவசம்தான்.

இதை முதலில் படித்தபோது எனக்கு வயது 22. புதுச்சேரியில் எம்.ஏ. தமிழ் படித்துக்கொண்டிருந்தேன். படித்ததும் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரம் கழித்துச் சிரிப்பு நின்றுபோனது.

எங்க ஊர் திண்டுக்கல். பூட்டுக்கும் பிரியாணிக்கும் பேர் போன ஊர் என்பார்கள். தோலுக்கும் பேர் போன ஊர்தான், அதை மட்டும் மெல்லச் சொல்வார்கள். டி. செல்வராஜின் ‘தோல்’ நாவல் எங்க ஊர்க் கதைதான், அதற்கு 2012இல் சாகித்திய அகாதமி விருது கொடுத்தார்கள். எங்கப்பா 1976லிருந்து 2009வரை தோல் ஷாப்பில் வேலை பார்த்தார். சுண்ணாம்புக் குழியிலிருந்து தோலைத் தூக்குவது, மயிர் சுரண்டுவது, சதை எடுப்பது, பட்டைத் தொட்டியில் போட்டுப் புரட்டுவது. சம்பளம் வாரச் சம்பளம். வாசம் மட்டும் தினசரி வரும். வீட்டுக்கு வந்து மூணு தடவை குளித்தாலும் போகாது. துணியில் இருக்கும், பாயில் இருக்கும், எங்க அம்மா பொங்குகிற சோற்றில் இருக்கிற மாதிரிகூட எனக்குத் தோன்றும். ஆறாம் வகுப்பில் வாத்தியார் ஒருத்தர் என் பக்கம் வந்ததும் மூக்கைச் சுளித்து, "ஒன் அப்பன் ஷாப்புல வேல பாக்குறானா? பின்னாடி போய் ஒக்காரு" என்றார். நான் பின்னாடி போய் உட்கார்ந்தேன். பத்தாவது முடிகிறவரை பின்னாடிதான்.

அந்த வாசத்துக்குத்தான் பாரிசிலும் லண்டனிலும் காசு கொடுக்கிறார்கள். கோப்பையில் வந்தால் கலை, ஆள் மேல் வந்தால் தீட்டு.

இதை ஒரு வரி நையாண்டியாகச் சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் விசயம் அதைவிட ஆழமாக ஓடுகிறது. சிவப்பு ஒயினில் நாக்கை இழுத்துப் பிடிக்கிற துவர்ப்பு ஒன்று உண்டு. அதைத் தருவது டானின். திராட்சையின் தோலிலும் கொட்டையிலும் இருக்கிறது, ஓக் பீப்பாயிலிருந்தும் கொஞ்சம் இறங்கும். டானின் என்ற பேரே தோல் தொழிலிலிருந்து போனதுதான். தோல் பதனிட இடித்து வைக்கிற ஓக் மரப்பட்டைக்குப் பிரெஞ்சில் ‘தான்’ என்று பேர். எங்க ஊரில் அதே வேலையை ஆவாரம்பட்டையும் கடுக்காயும் செய்தன. பட்டையில் உள்ள டானின் பச்சைத் தோலின் புரதத்தைப் பிடித்து இறுக்குகிறது, தோல் அழுகாமல் நிற்கிறது. ஒயினில் உள்ள டானின் நம் எச்சிலின் புரதத்தைப் பிடிக்கிறது, வாய் வறண்டு துவர்க்கிறது. இரண்டும் ஒரே வேலை. சிவப்பு ஒயின் குடிக்கிற ஒவ்வொருத்தனும் தன் வாயைக் கொஞ்சம் பதனிட்டுக்கொள்கிறான் என்று சொன்னால் தப்பில்லை.

எங்கப்பா பட்டைத் தண்ணியில் விரலை முக்கி நாக்கில் வைத்துப் பார்ப்பார். எத்தனையாவது தொட்டிக்கு எவ்வளவு சத்து இருக்கிறது, புதுப் பட்டை போடணுமா, இன்னும் நாலு நாள் ஓடுமா என்று அந்த நாக்குச் சொல்லும். ஷாப்பில் கருவி இருந்தது. ஆனாலும் மேஸ்திரி எங்கப்பாவைத்தான் கூப்பிடுவார். அந்த நாக்குக்குத் தனிச் சம்பளம் எதுவும் கிடையாது. பிறகு குரோம் வந்தது. பட்டையில் வாரக்கணக்கில் ஊறிய தோல் குரோமில் ஒரு நாளில் முடிந்தது. நாக்குக்கு வேலை போனது.

எனக்கு ஒயின் பழகிக் கொடுத்தவர் ஒரு சொல்தா. புதுச்சேரிக்காரர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துப் பென்சன் வாங்குகிறவர். நான் வாடகைக்கு இருந்த தெருவில் அவர் வீடு. எல்லாருக்கும் அவர் சொல்தா தாத்தா. நம்ம ஆள். 1881இல் பிரெஞ்சு அரசு ஓர் ஆணை போட்டது. தன் சாதி வழக்கச் சட்டத்தை விட்டுவிடுகிறேன் என்று எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுச் சிவில் சட்டத்துக்குள் வரலாம், புதுக் குடும்பப் பேர் வைத்துக்கொள்ளலாம். அப்படி எழுதிக் கொடுத்தவர்களில் நம்ம சனம் நிறைய. மேல்சாதிக்காரனுக்கு விட்டுக்கொடுக்கச் சாதி இருந்தது, அவன் யோசித்தான். நமக்கு என்ன இருந்தது? தாத்தாவின் தாத்தா எழுதிக் கொடுத்தார். அந்தக் காகிதத்தை நம்பித்தான் பேரன் பட்டாளத்துக்குப் போனார். இந்தோசீனா, பிறகு அல்ஜீரியா, பிறகு பிரான்சின் தெற்குக் கரை.

"சாப்பாட்டோட ஒயினும் ஒரு பங்கு குடுப்பான் தம்பி. மேசைக்கு ஒரு சாடி. அதே சாடியிலதான் எல்லாருக்கும். எனக்கும் அதுலதான். மொத நாள் நான் கைய நீட்டல. கையக் குவிச்சி ஊத்துவானுங்கன்னு குந்திக்கினு இருந்தேன்." இதைச் சொல்லிவிட்டு அவர் சிரிப்பார். எனக்குச் சிரிக்க முடியாது. எங்க பாட்டி டீக்கடையில் சிரட்டையில் டீ வாங்கிக் குடித்தவள்.

அதற்காகப் பிரெஞ்சுக்காரனுக்குப் பாட்டுக் கட்ட நான் தயாரில்லை. தாத்தாவும் கட்டவில்லை. அந்தச் சாடியில் இருந்தது பெரும்பாலும் அல்ஜீரியா திராட்சை. வெள்ளைக்காரக் குடியேறிகள் அரபு விவசாயிகளின் நிலத்தைப் பிடுங்கித் திராட்சை போட்டார்கள். மது தொடாத முஸ்லிம்களின் நாடு உலகத்திலேயே அதிகமாக ஒயின் ஏற்றுமதி செய்கிற நாடாக ஆக்கப்பட்டது. 1962இல் விடுதலை கிடைத்த பிறகு அந்தக் கொடிகளில் பெரும்பகுதியை அவர்கள் பிடுங்கிப் போட்டார்கள். "நம்மள மாதிரி ஒருத்தன் நெலத்த நம்மள வச்சே காவல் காத்தான்" என்று தாத்தா ஒரு நாள் சொன்னார். அன்றைக்கு மேற்கொண்டு எதுவும் பேசவில்லை.

ருசி பார்ப்பதை அவர் பாடம்போலத்தான் சொல்லிக் கொடுத்தார். கோப்பையில் மூணில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றக் கூடாது. வெள்ளைத் துணிக்கு நேரே சாய்த்துப் பிடித்து ஓரத்தைப் பார்க்கணும். ஓரம் ஊதாவாக இருந்தால் இளசு, செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டால் வயசாகிவிட்டது. ஆட்டாமல் ஒரு தடவை முகரணும், சுழற்றி ஒரு தடவை முகரணும். நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வந்தால் கார்க்கில் கோளாறு, பாட்டிலை ஒதுக்கிவிடலாம். பிறகு ஒரு வாய். வாயெல்லாம் புரட்டி, கொஞ்சம் காற்றை இழுத்து, துப்பிவிடணும். அடுத்து என்ன ருசி மிஞ்சுகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கவனிக்கணும். குடிப்பதற்கும் ருசி பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசமே அந்தத் துப்பலில்தான் இருக்கிறது.

துப்புவதற்கென்று மேசை மேல் ஒரு பாத்திரம் வைப்பார்கள். பெரிய மனிதர்கள் வரிசையாக வந்து அதில் துப்புவார்கள். படத்தில் பார்த்திருக்கிறேன். எனக்கு வேறொரு பாத்திரம் நினைவுக்கு வரும். பேஷ்வாக்கள் ஆண்ட புனேயில் தீண்டப்படாதவன் தெருவில் நடந்தால் தன் எச்சில் தரையில் விழாமலிருக்கக் கழுத்தில் ஒரு மண்சட்டி கட்டிக்கொண்டு நடக்கணும் என்று அம்பேத்கர் 1936இல் எழுதினார். எச்சில் ஒன்றுதான். யாருடையது என்பதைப் பொறுத்து அது பண்பாடு, அல்லது குற்றம்.

நோட்டில் குறிப்பு எழுதும் பழக்கம் தாத்தாவிடமிருந்து வந்ததுதான். அவர் பிரெஞ்சில் எழுதுவார். நான் தமிழில்தான் எழுதுவது என்று முடிவு செய்தேன். தொடக்கத்தில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். பிளாக்பெரி, செர்ரி, வயலட் பூ. நான் கண்ணால் பார்த்திராத பழத்தின் வாசத்தை எப்படி முகர்வேன்? அதையெல்லாம் விட்டேன். இப்போது என் நோட்டில் நாவல்பழம் இருக்கும், பழம்புளி இருக்கும், சுட்ட பனங்கிழங்கு, கோடை மழையின் முதல் தூறல் விழுந்த செம்மண், புகை படிந்த அடுப்பங்கரைச் சுவர். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஆன் நோபல் என்ற அம்மையார் 1984இல் ஒயின் வாசங்களுக்கு ஒரு சக்கரம் வரைந்து கொடுத்தார். அதில் நனைந்த நாய்க்குக்கூட ஒரு கட்டம் உண்டு. நாய்க்கு இடம் இருக்கும்போது எங்க அடுப்பங்கரைக்கு இல்லாமல் போகுமா? ஒரு விசயத்தில் தமிழ் அவர்களுக்கு மேலே நிற்கிறது. துவர்ப்பை அறுசுவையில் ஒன்றாக நாம் எப்போதோ எண்ணிவைத்துவிட்டோம்.

சேர்த்து வைப்பதைப் பற்றியும் சொல்லணும். பணக்காரன் பூமிக்கடியில் அறை கட்டுவான். ஒயினுக்கு 12, 13 டிகிரி குளிர் வேண்டும், வெளிச்சம் கூடாது, ஆட்டம் கூடாது, கார்க் காயாமலிருக்கப் பாட்டில் படுத்துக்கிடக்கணும். புதுச்சேரியில் மே மாதம் சுவரைத் தொட்டால் கை சுடும். என்னிடம் இருப்பது ஓடு வேய்ந்த ஒரு வீடு, இரண்டு அறை, ஒரு முற்றம். பிழைப்பு மெய்ப்புத் திருத்துவது. இரண்டு மாதத்துக்கு ஒரு பாட்டில் வாங்கினால் பெரிது. வெயில் படாத மூலையில் பெரிய மண்தொட்டி ஒன்றை வைத்து, ஆற்றுமணலை நிரப்பி, அதற்குள் பாட்டில்களைப் படுக்கவைத்திருக்கிறேன். காலையும் மாலையும் மணலில் தண்ணி தெளிப்பேன். மண்பானை தண்ணியைக் குளிர வைக்கிற அதே கணக்குத்தான். வெளியே 38 இருக்கும்போது உள்ளே 27, 28. பிரெஞ்சுக்காரன் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வான். நாசிக் ஒயின் இரண்டு, மூன்று வருசம் இதில் தாங்குகிறது. திருகுமூடி போட்ட பாட்டிலைப் படுக்கவைக்கத் தேவையில்லை. ஆனாலும் படுக்கத்தான் வைக்கிறேன், பார்க்க நன்றாக இருக்கிறது.

நாசிக் என்றதும் ஒன்று. 2018 பிப்ரவரியில் ஒரு கூட்டத்துக்காக அங்கே போனேன். அறுவடைக் காலம். நம் நாட்டு வெயிலில் கொடி தூங்குவதே இல்லை, அதனால் வருசத்துக்கு இரண்டு தடவை வெட்டிவிட்டு, குளிர்காலக் கடைசியில் பழம் பறிக்கிறார்கள். பறித்துக்கொண்டிருந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். கூட வந்த மராத்தித் தோழர் பேசிப் பார்த்துச் சொன்னார், பாதிப்பேர் ஆதிவாசிகள். இதை ருசி பார்த்திருக்கீங்களா என்று கேட்கச் சொன்னேன். ஓர் அம்மா பழம் ஒன்றைக் கிள்ளி என் கையில் வைத்தார். நான் கேட்டது வேறு என்று தோழர் விளக்கியதும் எல்லாரும் சிரித்தார்கள்.

அன்று மாலை காலாராம் கோயில் வாசலில் நின்றேன். 1930 மார்ச் 2ஆம் தேதி அம்பேத்கர் தலைமையில் அந்தக் கதவுக்கு முன்னால் நம்ம சனம் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்தது. வருசக்கணக்கில் போராடியும் கதவு திறக்கவில்லை. அதே மாவட்டத்து இயோலாவில்தான் 1935 அக்டோபரில், இந்துவாகச் சாகமாட்டேன் என்று அவர் அறிவித்தார். இன்றைக்கு நாசிக்கை இந்தியாவின் ஒயின் தலைநகரம் என்கிறார்கள். விருந்தினருக்கு ருசி பார்க்க ஊற்றுகிற இடம் ஒன்றில், கழுத்துப்பட்டி கட்டிய பையன் ஒருவன் சிவப்பு ஒயினை ஊற்றி, "தோல் வாசம் தெரிகிறதா சார்?" என்று இங்கிலீசில் கேட்டான். தெரிகிறது என்றேன். எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்?

இயக்கத்தில் இதற்கு எதிர்ப்பு உண்டு. நியாயமான எதிர்ப்பு. எங்களோடு வேலை செய்கிற அக்கா ஒருத்தர் சாராயக்கடைக்கு முன்னால் படுத்துப் போராடியவர், அடி வாங்கியவர். அவர் ஒரு நாள் என் மண்தொட்டியைப் பார்த்துவிட்டார். "ஏம்பா, பாபாசாகேப் நாக்பூர்ல குடுத்த 22 உறுதிமொழியில குடிக்க மாட்டேன்னு ஒண்ணு இருக்கே, அது ஒனக்கு இல்லியா? நம்ம சனம் எதுல சாவுதுன்னு ஒனக்குத் தெரியாதா?" எனக்குத் தெரியும். எங்க சித்தப்பா 2004இல் குடித்தே செத்தார். சுண்ணாம்புக் குழியில் இறங்குவதற்கு முன்னால் மூக்கை அடைக்க ஊற்றிக்கொண்டது, பிறகு ஈரலை அடைத்துவிட்டது.

நான் பவுத்தம் ஏற்றவன் இல்லை, அதனால் அந்த உறுதிமொழி என்னைக் கட்டாது என்று சொல்லித் தப்பிக்க எனக்கு இஷ்டமில்லை. அக்காவிடம் தென்னாப்பிரிக்கக் கதையைச் சொன்னேன். நன்னம்பிக்கை முனையில் டச்சுக்காரர்கள் திராட்சை போட்டது 1650களில். பிறகு 1685இல் உண்டான கான்ஸ்டான்சியா தோட்டத்து ஒயினைச் செயின்ட் எலினா தீவில் சிறையிருந்த நெப்போலியன் குடித்தான். அந்த முனையின் தோட்டங்களில் உழைத்தவர்கள் அடிமைகள். மடகாஸ்கரிலிருந்தும் ஜாவாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்தவர்கள், நம் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேற்றப்பட்டவர்களும். பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் டச்சுக்காரன் கோட்டை கட்டியிருந்தது துணிக்காக மட்டுமில்லை. 1834இல் அடிமை முறை சட்டப்படி போனது. ஆனால் கூலியில் ஒரு பங்கை மட்டமான ஒயினாக ஊற்றிக் கொடுக்கிற ‘டாப்’ முறை இருபதாம் நூற்றாண்டிலும் ஓடியது. ஒரு நாளைக்குப் பல தடவை, வேலைக்கு நடுவிலேயே. கருவிலேயே மதுவால் பாதிக்கப்பட்டுப் பிறக்கிற குழந்தைகள் உலகத்திலேயே மிக அதிகமாக உள்ள இடங்களில் அந்தப் பகுதியும் ஒன்று.

"நீ எனக்கு ஆதரவாத்தான பேசுற?" என்றார் அக்கா.

ஆமாம். மதுவை விற்கிறவனுக்கும் அதைக் கூலியாகக் கொடுக்கிறவனுக்கும் எதிராக அக்கா போடுகிற கோஷத்தில் என் குரலும் உண்டு. ஆனால் ருசி என்கிற ஒன்று நமக்குக் கூடாது என்று யார் சொன்னாலும் நான் கேட்கமாட்டேன். நம்மை நோக்கி வந்ததெல்லாம் போதை மட்டும்தான். வாசம் பார்க்க நேரம் வராது, உட்கார இடம் வராது, துப்புகிற உரிமை வராது. ஒரே மடக்கில் இறக்கிவிட்டு வேலைக்குப் போகணும்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்துக்கு நானும் அக்காவும் போனோம். 60க்கும் மேற்பட்டவர்கள் செத்திருந்தார்கள். அந்தத் தெருக்களில் இருந்தது பெரும்பாலும் நம்ம சனம். சாராயத்தில் மெத்தனால் கலந்திருந்தது. மெத்தனாலை வாசத்தாலும் ருசியாலும் பிரித்துச் சொல்லவே முடியாது. எங்கப்பா மாதிரி நாக்கு இருந்தாலும், பாரிசில் படித்த மூக்கு இருந்தாலும் முடியாது. உடம்புக்குள் போய் அது ஃபார்மிக் அமிலமாக மாறும், முதலில் கண்ணைக் குறிவைக்கும். ஒரு வீட்டில் புருசன் பெண்சாதி இரண்டு பேரும் போயிருந்தார்கள். பிள்ளைகள் திண்ணையில் உட்கார்ந்திருந்தன. திரும்பி வருகிற பஸ்ஸில் அக்கா ஒன்றும் பேசவில்லை, நானும் பேசவில்லை. இரண்டு பேர் கருத்தும் மாறவில்லை. மண்தொட்டியில் மட்டும் ஒரு மாதம் நான் கை வைக்கவில்லை.

சொல்தா தாத்தா 2014இல் இறந்தார். அதற்கு முந்தின வருசம் அவர் மகள் பிரான்சிலிருந்து கொண்டுவந்த பாட்டில்களில் ஒன்றை என்னிடம் கொடுத்தார். பாந்தோல், 2006ஆம் வருசத்துத் திராட்சை. அவர் கடைசியாகப் பட்டாளத்தில் இருந்த கடற்கரைப் பக்கத்து ஒயின். அதில் பாதிக்குக் குறையாமல் மூர்வேத்ர் திராட்சை இருக்கணும், 18 மாதமாவது மரப்பீப்பாயில் கிடக்கணும் என்பது சட்டம். தடித்த தோல் உள்ள பழம், டானின் அதிகம். தோல் வாசத்துக்கும் பேர் போனது. "ஒடனே தொறக்காத தம்பி, அது கெழவனாவட்டும்" என்றார்.

2025 பொங்கலுக்கு எங்கப்பாவும் அம்மாவும் புதுச்சேரிக்கு வந்திருந்தார்கள். எங்கப்பா குடிக்கிறவர் இல்லை. தம்பி செத்ததிலிருந்து அந்தப் பக்கமே போகாதவர். முப்பத்துமூணு வருச ஷாப்பு வேலையில் மூக்கும் போய்விட்டது. மல்லிகையைக் கையில் கொடுத்தாலும் தெரியாது. கணுவுக்குத்தான் பாட்டிலைத் திறந்தேன். ஓரம் செங்கல் நிறத்துக்கு வந்திருந்தது. மூக்கில் வைத்ததும் வந்துவிட்டது. எங்க வீட்டுப் பாய், அப்பா சட்டை, மழைநாளில் ஷாப்பு வாசல்.

"என்னடா இது, கருப்பா?"

"ஒரு வாய் பாருங்கப்பா. முழுங்க வேணாம்."

அம்மா முறைத்தாள். அவர் கோப்பையைத் தூக்கவில்லை. ஆள்காட்டி விரலை உள்ளே விட்டு முக்கினார், நாக்கில் வைத்தார். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு கோப்பையை எடுத்து ஒரு வாய் வைத்து, கன்னத்துக்குள் இங்கிட்டும் அங்கிட்டும் புரட்டி, எழுந்து போய் முற்றத்து வேப்பமரத்தடியில் துப்பிவிட்டு வந்தார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

"ஆவாரம் இல்ல, வேற ஏதோ பட்டை" என்றார். "சாயம் எறங்கிருச்சு. பட்டை இன்னும் நிக்கிது."